பெரியம்மாவின் கிறுகிறுப்பும் ஒரு மஞ்சப்பையும்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் பெரியம்மாவுக்கு 73 வயது. வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். பெரியப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. என்னை வளர்த்தவர் பெரியம்மாதான். நான் தாம்பரத்தில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாக அவருக்கு ஒரே அசதி, கிறுகிறுப்பு. விடிகாலையில் எழுந்து கொல்லைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். பாதம் மதமதவென்று இருக்கிறதாம். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகும் அளவுக்கு இளைத்துவிட்டார். பேச்சு குறைந்துவிட்டது, சொன்னதை மறக்கிறார். ஆடி வெள்ளியன்று கோயில் வாசலில் விழுந்தார். போன மாதம் இன்னொரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ளேயே விழுந்தார். மூன்று ஊரில் ஐந்து டாக்டர்களைப் பார்த்தாயிற்று. இ.சி.ஜி., எக்கோ, மூளைக்கு எம்.ஆர்.ஐ. எல்லாம் நார்மல். ‘வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். சுகர் 12 வருடமாக, பிரஷர் 9 வருடமாக இருக்கிறது. அதற்கான மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறார். நடுவில் கால் வீங்கியதற்கு ஒன்றும், தலைசுற்றலுக்கு ஒன்றும் கொடுத்தார்கள். அவரோ ‘என்னை விட்டுடுங்கடி, போற காலம் வந்தா போறேன்’ என்கிறார். சென்னைக்கு அழைத்து வந்து ஃபுல் பாடி செக்கப் செய்துவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியம்மா இரண்டு முறை விழுந்திருக்கிறார். இரண்டுமே வெள்ளிக்கிழமை. எம்.ஆர்.ஐ. முடிவைவிட இந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவருக்கு வெள்ளிக்கிழமை விரதம் உண்டா? நம் பக்கத்துப் பெரியவர்கள் வெள்ளி, கிருத்திகை, அமாவாசை என்று ஏதாவது ஒரு கணக்கில் ஒருவேளையாவது வயிற்றைக் காயப்போடுவார்கள். சாப்பாட்டை விடுவார்கள், மாத்திரையை விடமாட்டார்கள். ‘ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு’ என்று வெறும் வயிற்றில் சுகர் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவார்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அவ்வளவாகப் பயமில்லை. கூடவே கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி ஏதாவது இருந்தால், சோறு போனாலும் போகாவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் போகும். சின்ன வயதுக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், அகோரமாகப் பசிக்கும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதில் எதுவுமே வராமல் போகலாம். நடை தடுமாறும், பேச்சு குழறும், பார்வை ஒரு மாதிரி வெறித்திருக்கும், அப்படியே சாய்ந்துவிடுவார்கள்.

இதுதான் காரணம் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் முடிவு கட்டமாட்டேன். ஆனால் ஐந்து மருத்துவர்களில் யாரிடமாவது அந்த இரண்டு நாளும் வெள்ளிக்கிழமை என்று சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள், அவர்களும் கேட்டிருக்கமாட்டார்கள். கும்பகோணத்தில் முப்பது வருடமாக வயதானவர்களைப் பார்த்துவருகிறேன். காரணம் தெரியாத உபாதை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு விடை அவர்கள் வாயிலும் அவர்கள் கொண்டுவரும் பையிலும்தான் இருந்திருக்கிறது. உங்கள் பெரியம்மாவின் கதையை எட்டு மாதமாக யாரும் முழுசாக உட்கார்ந்து கேட்கவில்லை. நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான்.

அதற்கு முன் இந்த ‘நார்மல்’ என்ற சொல்லைப் பற்றி. எம்.ஆர்.ஐ. நார்மல் என்றால் மூளையில் கட்டியோ, ரத்தக் கசிவோ, பெரிய அடைப்போ இல்லை. எக்கோ நார்மல் என்றால் இதயத்தின் தசையும் வால்வும் சரியாக இருக்கின்றன. அவ்வளவுதான். ரத்தத்தில் உப்பு எவ்வளவு, எழுந்து நின்றால் பிரஷர் எவ்வளவு இறங்குகிறது, வைட்டமின் பி12 போதுமா, தைராய்டு எப்படி என்று இந்த இரண்டுமே சொல்லாது. ‘எல்லாம் நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் மனதில் என்ன பதிகிறது தெரியுமா? ‘எனக்கு ஒண்ணும் இல்லியாம், நானா கற்பனை பண்ணிக்கிறேனாம்.’ அதன்பிறகு அவர் வாயைத் திறப்பதில்லை. பெரியம்மாவின் பேச்சு குறைந்ததற்கு இதுகூட ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது, கிறுகிறுப்பு. நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நான்கு உபாதைகள் ஒளிந்திருக்கின்றன. படுக்கையில் புரண்டு படுக்கும்போது வீடே ராட்டினம் மாதிரி சுற்றினால் அது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறு. அதற்குத் தலையைச் சில நிலைகளில் திருப்பிச் செய்யும் ஒரு எளிய சிகிச்சையே பல பேருக்குப் போதும். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் அது ரத்த அழுத்தம் இறங்குவது. தலையில் ஒன்றும் இல்லை, நடந்தால்தான் தள்ளாடுகிறது, இருட்டில் இன்னும் மோசம் என்றால் அது காலின் நரம்பு. இதில் எதுவும் இல்லாமல் ‘ஒரு மாதிரியா இருக்கு, கிர்ருனு வருது’ என்றால் ரத்தசோகை, சர்க்கரை, இதயத் துடிப்பு, மனச்சோர்வு என்று தேட வேண்டியிருக்கும். நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆனால் அவசரத்தில் நாலுக்கும் ஒரே தலைசுற்றல் மாத்திரைதான் கிடைக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியம்மாவிடம் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லாத்தான் இருக்கேன், நீ சாப்டியா?’ என்பார். அவரோடு ஒரு நாள் முழுக்க இருங்கள். விடிகாலையில் அவர் எழும்போது நீங்களும் எழுங்கள். பாயிலிருந்து எப்படி எழுந்திருக்கிறார், சுவரை எந்த இடத்தில் பிடிக்கிறார், எழுந்தவுடனேயா, பத்தடி நடந்த பிறகா என்று பாருங்கள். செருப்பு காலிலிருந்து நழுவினால் அவருக்குத் தெரிகிறதா என்று கவனியுங்கள். அவர் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘மெத்தை மேல நடக்கிறாப்ல இருக்கு’ என்றால் அதையே எழுதுங்கள். ‘நியூரோபதி’ என்று நீங்கள் மொழிபெயர்த்து எழுத வேண்டாம். அந்த மெத்தை எங்களுக்கு வேண்டும்.

இனி அந்தப் பை. ‘சுகர், பிரஷர் மாத்திரை மட்டும்தான்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே இன்னும் இரண்டு மாத்திரையைச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாக் குடும்பமும் இப்படித்தான் சொல்கிறது. வீட்டில் ஒரு மஞ்சப்பையை எடுங்கள். மாடத்தில், சாமி படத்துக்குப் பின்னால், தலையணைக்கு அடியில், சுருக்குப்பையில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்று எங்கெங்கே மாத்திரை இருக்கிறதோ அத்தனையையும் அதில் போடுங்கள். சூரணம், லேகியம், தைலம், கண் சொட்டு மருந்து, வாயு மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் விட்டுவிட வேண்டாம். தீர்ந்துபோன அட்டையையும் சேருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அவர் மகன்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். எழுபத்தாறு வயது. அடி எடுத்து வைக்கவே நேரமாகிறது, கை ஆடுகிறது, முகத்தில் உணர்ச்சியே இல்லை. ‘நடுக்குவாதம்னு சொல்லிட்டாங்க சார், நாளைலேர்ந்து அதுக்கு மாத்திரை ஆரம்பிக்கணும்’ என்றார் மூத்தவர். பையை மேசையில் கொட்டச் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அம்லோடிபின் அட்டை ஒன்று இருந்தது. பக்கத்திலேயே தனியார் மருத்துவர் எழுதிய இன்னொரு பிரஷர் மாத்திரை. மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டு, பெயரில் பாதி போய்விட்டது. பின்பக்கம் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தால் அதுவும் அம்லோடிபின். ஒரே மருந்து, இரண்டு பெயர், இரண்டு மடங்கு. அம்லோடிபின் அதிகமானால் கால் வீங்கும். வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு ஒருவர் நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நீர் மாத்திரையால் உடம்பில் நீரும் உப்பும் இறங்கி, எழுந்தால் கண் இருட்டியிருக்கிறது. அதற்கு இன்னொருவர் தலைசுற்றல் மாத்திரையாகச் சின்னரிசைன் கொடுத்திருக்கிறார். அது சில நாளுக்கு என்று கொடுத்தது. அவர் பதினோரு மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார். வயதானவர்கள் சின்னரிசைனை மாதக்கணக்கில் எடுத்தால் நடுக்குவாதம் போலவே உடம்பு இறுகும், கை நடுங்கும், மனசும் சோர்ந்துபோகும். அன்று அவருக்கு ரத்தத்தில் சோடியம் 121. அது 135-க்குக் குறையக்கூடாது. மருத்துவமனையில் சேர்த்து மெதுவாக உப்பைச் சரிசெய்தோம், மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தோம். நடை திரும்ப நாலு மாதம் பிடித்தது. சம்பா அறுப்பு சமயத்தில் வரப்பில் தனியாக நடந்தார் என்று சின்ன மகன் போனில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவருக்கு மாத்திரை எழுதிய யாரும் தப்பான மருத்துவர் இல்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த ஒரு கஷ்டத்துக்குச் சரியான மாத்திரையைத்தான் எழுதினார். மொத்தப் பையையும் ஒரே மேசையில் யாரும் கொட்டவில்லை, அதுதான் நடந்தது. உங்கள் கடிதத்திலும் கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை என்று அதே கதை இருப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பையில் இன்னொன்றையும் தேடுங்கள். மூட்டு வலி, உடம்பு வலி என்றால் மருந்துக்கடையில் கலர் கலராக நாலைந்து மாத்திரையை ஒரு சின்ன கவரில் மடித்து ‘செட் மாத்திரை’ என்று கொடுப்பார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் இதைச் சாப்பிட்டுத்தான் மறுநாள் வேலைக்குக் கிளம்புகிறார்கள். அதில் ஒரு பொடி மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. லேபிள் இல்லாத ‘மூட்டுவலிப் பொடி’யிலும் ஸ்டீராய்டு கலந்து விற்கிறவர்கள் உண்டு. சாப்பிட்டால் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், தெம்பாக இருக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு மெலியும். அதைவிட மோசமானது, உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதையே நிறுத்திவிடும். பிறகு ஒரு நாள் பையன் கண்டித்தான் என்று சட்டென்று விட்டுவிட்டால் அசதி, பசியின்மை, எடை குறைதல், எழுந்தால் மயக்கம், சோடியம் குறைவு எல்லாம் வரிசையாக வரும். காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து, உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் செட் மாத்திரை என்ற சொல் மருத்துவரின் காதில் விழுந்தால்தான் அந்தப் பரிசோதனை அவருக்குத் தோன்றும். பெரியம்மாவிடம் இதைத் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் மறைப்பார். ஒன்று மிக முக்கியம்: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு மாதிரிச் சிலவற்றைச் சட்டென்று நிறுத்துவது சாப்பிடுவதைவிட ஆபத்து.

விடிகாலையில் சுவரைப் பிடிப்பதற்கு வருகிறேன். இதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, காசே ஆகாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பார்க்கவேண்டும். பிறகு எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு தடவை பார்க்கவேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதுதான் காரணம் என்று தேட ஆரம்பிக்கலாம். கூட்டம் நெரிகிற கிளினிக்கில் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு தடவை பார்ப்பதோடு சரி, நிற்கவைத்துப் பார்க்க நேரம் இருப்பதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்: ‘சார், நிக்கவச்சு ஒருதடவை பாத்துடுங்களேன்.’ மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடமும் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த அந்தத் திட்டம் உங்களைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்குப் பெரிய துணை. அவர் ஊர்க்காரர், பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தே என்ன குறை என்று சொல்லிவிடுவார். அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும்போது பிரஷர் இறங்குவதற்கு மாத்திரை ஒரு காரணம். பல வருடச் சர்க்கரையில் நரம்பு கெடுவது ஒரு காரணம். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை: தண்ணீர். கழிப்பறை கொல்லையில் இருக்கிறது, ராத்திரி இருட்டு, மழை பெய்தால் வழுக்கும், பாம்புக்குப் பயம். ஆகவே நம் வீட்டுப் பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. அதோடு நீர் மாத்திரையும் சேர்ந்தால் விடிகாலையில் கண் இருட்டாமல் என்ன செய்யும்? நீர் மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். ராத்திரிக்கு என்றால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொல்லை வழியில் ஒரு விளக்கும், பிடித்துக்கொள்ளச் சுவரோரம் ஒரு குழாய்க் கம்பியும் போட்டுவிடுங்கள். செலவு அதிகம் ஆகாது. இது நாளைக்கே செய்யக்கூடியது. எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

பாதம் மதமதப்பதற்கு உடனே ‘சுகர்னால வர்றது’ என்றுதான் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையும். வாயு மாத்திரை என்று பான்டோபிரசோலை வருடக்கணக்கில் எடுத்தால் இன்னும் குறையும். சைவம் என்றால் கேட்கவே வேண்டாம். பி12 குறைந்தால் பாதம் மதமதக்கும், நடை தள்ளாடும், அசதி வரும், மறதியும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனை, குறைந்தால் சில ஊசிகள், மலிவான வைத்தியம்தான். ஆனால் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் நரம்பு பழையபடி ஆகாது. பி12 பார்க்காமல் வெறும் ஃபோலிக் ஆசிட் சத்து மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதும் தப்பு. ரத்தம் தேறியதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

எடை குறைவதை நான் லேசாக எடுக்கமாட்டேன். வேண்டுமென்று இளைக்காமல் ஆறு மாதத்தில் அறுபது கிலோ ஐம்பத்தாறு ஆனால் காரணம் தேடியே ஆகவேண்டும். தைராய்டு, காசநோய், புற்றுநோய், கட்டுக்கடங்காத சர்க்கரை எல்லாம் பட்டியலில் உண்டு. வயதானவர்களுக்குக் காசநோய் வந்தால் காய்ச்சலும் இருமலும் இல்லாமல் வெறும் இளைப்பாக மட்டும்கூட இருக்கும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அவர் அடுப்படிக்குள் போய்ப் பாருங்கள். பெரியப்பா போனபிறகு அவர் என்ன சமைக்கிறார்? ‘ஒருத்திக்கு என்னத்தடி சமைக்கிறது’ என்று காலையில் வடித்த சோற்றை ராத்திரி வரைக்கும் ரசத்தையும் ஊறுகாயையும் வைத்து ஓட்டுகிற எத்தனையோ பேரை நான் பார்க்கிறேன். பருப்பு இல்லை, முட்டை இல்லை, பல் இல்லாததால் காய்கறியும் இல்லை. நெல் விளைகிற ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை, ஆனால் அரிசி மட்டும் சாப்பிட்டால் தசை கரையும். தசை கரைந்தால் விழுவார்.

மறதியும் பேச்சுக் குறைவும் எப்போது ஆரம்பித்தன என்பதுதான் கேள்வி. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது வேறு. சில நாட்களில் திடீரென்று வந்தது வேறு. திடீரென்று வந்தால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம், புதிதாக ஆரம்பித்த மாத்திரை இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். காது கேட்காததை மறதி என்று நினைத்துவிடுவதும் உண்டு. இன்னொன்றையும் கேட்கத் தயங்காதீர்கள்: மனசு. துக்கத்தில் மூன்று வருடமாகத் தூங்காத ஒருவர் ‘அசதி’ என்றுதான் சொல்வார். ‘எனக்கு மனசு சரியில்ல’ என்று சொல்லும் பழக்கம் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இல்லை. உடம்பைத்தான் சொல்வார்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது, குணமும் ஆகும்.

இவ்வளவையும் பார்க்க என்ன பரிசோதனை வேண்டும் என்று கேட்பீர்கள். ரத்த அணுக்கள், கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கால்சியம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டு, பி12, சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. இவற்றில் பெரும்பாலானவற்றைக் கும்பகோணம் அரசு மருத்துவமனையிலோ, திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ செய்துகொள்ளலாம். எச்பிஏ1சி ஆறரை என்று வந்தால் ‘நல்ல கண்ட்ரோல்’ என்று மகிழ வேண்டாம். தனியாக இருக்கும், விழுகிற, 73 வயதுக்காரருக்கு அது தேவைக்கு மேல் இறுக்கம். எட்டுக்குக் கீழே இருந்தாலே போதும் என்றுதான் இப்போது நாங்கள் பார்க்கிறோம். மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஃபுல் பாடி செக்கப் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அது ஒரு பொட்டலம். பெரியம்மாவின் கேள்விக்காகக் கட்டியது அல்ல. நூறு பரிசோதனையில் ஏதாவது இரண்டு ஏறுமாறாக வரும். வயதானால் எல்லோருக்கும் வரும். பிறகு அந்த இரண்டின் பின்னாலேயே ஓடுவீர்கள், கிறுகிறுப்பு அப்படியே இருக்கும். அந்தப் பணத்தில் ஒரு குளுக்கோமீட்டரும் பிரஷர் மெஷினும் வாங்கிவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஆறாவது, ஏழாவது மருத்துவரையும் தேட வேண்டாம். பார்த்த ஐந்து பேரில் யார் பெரியம்மாவிடம் நின்று பேசினாரோ, பொது மருத்துவம் படித்தவராகவும் இருந்தால், அவரிடமே திரும்பப் போங்கள். மாத்திரை மாற்றுவது இனி அவர் வழியாக மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவான நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, அவர் வார்த்தையில் என்ன, எந்த நேரத்தில் வருகிறது, எதனால் அதிகமாகிறது, விழுந்த தேதிகளும் அன்று சாப்பிட்டதும், எடை அன்றும் இன்றும். பழைய ஃபைல் முழுவதையும் நீட்டாதீர்கள், கேட்டால் கொடுங்கள். உள்ளே போனதும் நீங்கள் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் இரண்டு நிமிடம் பெரியம்மா பேசட்டும். அவர் ‘ஒண்ணுமில்ல சார்’ என்று சொன்னால் ‘விடிகாலைல எந்திரிக்கிறப்ப எப்படி இருக்குன்னு சார்கிட்ட சொல்லு பெரிம்மா’ என்று எடுத்துக்கொடுங்கள். பிறகு பையைக் கொட்டிவிட்டு, ‘இதுல ஏதாவது காரணமா இருக்குமா சார்? எதையாவது குறைக்கலாமா?’ என்று கேளுங்கள். வயசுதான் என்று மறுபடி சொன்னால் கோபப்படாமல் இப்படிக் கேட்கலாம்: ‘எட்டு மாசத்துக்கு முன்னாடியும் வயசு எழுபத்திரண்டு சார். அப்ப நல்லா நடந்தாங்க. வேற என்னவா இருக்கலாம்?’ நேர்மையான மருத்துவர் யாரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார். கிளம்பும்போது, அடுத்து எப்போது வரவேண்டும், அதற்குள் என்ன ஆனால் உடனே வரவேண்டும் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து விடை கிடைக்காவிட்டால் சென்னைக்கு அழைத்து வாருங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் 1978 முதலே முதியோருக்கென்று தனிச் சேவை இருக்கிறது. கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்திருக்கிறார்கள், தாம்பரத்திலிருந்து உங்களுக்கு அது பக்கம். வரும்போதும் அதே பை, அதே தாள்.

‘போற காலம் வந்தா போறேன்’ என்கிறாரே, அதை அலுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பல பேர் பயத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ‘புத்து’ என்று ஏதாவது சொல்லிவிடுவார்களோ, உங்களுக்குச் செலவு வைக்கிறோமோ, சென்னைக்குப் போனால் இந்த வீட்டுக்குத் திரும்பி வரமுடியாதோ. எது அவர் பயம் என்று ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு கேளுங்கள், பகலில் சொல்லமாட்டார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் வலங்கைமான் மாரியம்மன். பிழைத்து எழுந்தால் பங்குனியில் பாடையில் படுத்து வந்து பாடைக்காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்கிற ஊர் அது. பெரியம்மாவும் வேண்டிக்கொண்டிருந்தால், அவருக்கு வாழ ஆசை இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்காதீர்கள். எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவுசெய்யும் உரிமையும் அவருடையது. ‘உன்னைக் குணமாக்கணும்’ என்பதைவிட, ‘நீ மறுபடி தனியா கோயிலுக்குப் போயிட்டு வரணும், அதுக்கு என்ன தடையா இருக்குன்னு பாக்கலாம்’ என்று சொல்லிப்பாருங்கள். வருவார்.

சிலவற்றுக்கு மட்டும் இந்தப் பொறுமை உதவாது. வாய் கோணினாலோ, ஒரு கை கால் திடீரென்று விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கே போகச் சொல்லுங்கள். திடீர் வியர்வை, மூச்சு வாங்குதல், வயிற்றின் மேல்பகுதியில் அழுத்தம் வந்தால் வாயு என்று சோடா குடிக்கவைக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் மாரடைப்பு இப்படி நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். தார் போலக் கருப்பாக மலம் போனாலும், நினைவு தப்பி விழுந்தாலும், விழுந்து தலையில் அடிபட்டாலும் அன்றே மருத்துவமனை. சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏறினாலும் விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், அந்த மாத்திரைகள் மறுபடி இறக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பெரியம்மாவுக்குப் போன் போடுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை விரதம் வேண்டாம், மாரியம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள், காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போடவேண்டும் என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியிடம் அன்று மதியம் ஒரு எட்டு போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். பையைக் கொட்டியபிறகு அதில் என்னென்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.